உப்புக்குச் சப்பாணி

ஒரு பலகை, அதில் ஆறு குழி,
குழிக்கொரு குட்டிக் கண்ணாடி.
வைக்கோல் நிறம், கலங்கிய மஞ்சள், செம்பு,
ஆரஞ்சுச் சாறு போல் ஒன்று,
இளஞ்சிவப்பு ஒன்று,
கடைசியில் வெளிச்சம் நுழையாத கறுப்பு.
இடமிருந்து வலமாகக் குடிக்க வேண்டுமாம்.
கறுப்பில் தொடங்கினால்
மற்றதெல்லாம் தண்ணீராகிவிடுமாம்.
எனக்கு எப்படித் தொடங்கினாலும் ஒன்றுதான்.

மூக்கு போய்ப் பதினான்கு மாதம்.
மூன்று நாள் காய்ச்சல்,
நான்காம் நாள் காப்பி வெறும் சுடுதண்ணீர்.
அடுப்பில் வாயு கசிந்ததை
அடுத்த வீட்டு நாய் குரைத்துச் சொல்லித்தான் அறிந்தேன்.
லின்னியாவின் பிறந்தநாள் என்பதால் வந்திருக்கிறேன்,
உப்புக்குச் சப்பாணியாக.

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்து, கப்பல்கள் கரையில் தூங்க,
ஊரில் பாதி இந்த மதுக்கூடத்தில்.
பெரிய எஃகுக் கலன்களுக்கு நடுவே
ரப்பர் பூட்ஸோடு நடக்கிறாள் டோர்டிஸ்.
அவளே காய்ச்சுகிறாள், அவளே ஊற்றுகிறாள்,
காசையும் அவளே வாங்கிப் போடுகிறாள்.

லின்னியா மூக்கை உள்ளே விட்டு
எனக்காக வாசிக்கிறாள்:
'முதலாவது, இப்போதுதான் வெட்டிய புல்.'
எனக்குக் குளிர்.
'இரண்டாவது, வாழைப்பழம். ஓரத்தில் கிராம்பு.'
எனக்கு நாக்கில் ஊசிகள்.
'மூன்றாவது, நீ எப்போதும் கருக்கிவிடுகிற ரொட்டி.'
'நான்காவது, மாம்பழம், பைன் பிசின்,
அப்புறம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது ஓர்வில்,
பூனை.'
எனக்குத் தொண்டையில் ஆஸ்பிரின் ஒட்டியது போல் கசப்பு.
அது போகவும் மாட்டேன் என்கிறது.

நிஜமாகத்தான் சொல்கிறாளா,
எனக்காகக் கொஞ்சம் சேர்க்கிறாளா, தெரியவில்லை.
'நான் எப்படி?' என்று கேட்டேன்.
குனிந்து என் காலரை முகர்ந்தாள்.
'டீசல்' என்றாள்.
அதில் பொய் இருக்க முடியாது.

ஐந்தாவதில் அவளுக்கு
'ராஸ்பெர்ரி, ராஸ்பெர்ரி, மறுபடியும் ராஸ்பெர்ரி.'
எனக்குப் புளிப்பு.
புளிப்புக்குப் பின்னால்
கதவைத் தட்டாமல் உள்ளே வந்தது உப்பு.
டோர்டிஸைக் கூப்பிட்டேன்.
'இதில் உப்பு இருக்கும், அப்படித்தான் செய்வது' என்றாள்
பொறுமையாக, குழந்தைக்குச் சொல்வது போல.
'இருக்கட்டும்,' என்றேன், 'இது இரண்டு பங்கு.'

பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன் நான்.
இருபத்திரண்டு குளிர்காலம்
இந்த ஊர்ச் சாலைகளுக்கு உப்பிட்டவன்.
சாலை என்னை நினைத்ததில்லை, அது வேறு விஷயம்.
உப்புத்தூள் மீசையில், சாண்ட்விச்சில்,
ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் உதட்டோரத்தில்.
மூக்குக்கு ராஸ்பெர்ரியைக் காட்டி ஏமாற்றலாம்.
என்னிடம் காட்ட என்ன இருக்கிறது?

அவள் ஒரு வாய் குடித்தாள்.
மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வாய்.
பிறகு உள்ளே திரும்பி
'மைல்ஸ்!' என்று ஒரே ஒரு கத்தல்.
உப்பை அளந்து போடும்போது தொலைபேசி வந்ததாம்.
பேசி முடித்து வந்து
போடவில்லையோ என்று இன்னொரு முறை போட்டானாம்.
எண்ணூறு லிட்டர்.

அதைக் கொட்டவில்லை டோர்டிஸ்.
கரும்பலகையில் பழைய பெயரை அழித்துவிட்டு
'மைல்ஸின் தொலைபேசி, பாதி விலை' என்று எழுதினாள்.
பத்து நிமிடத்தில் வரிசை நின்றது.
எங்கள் பலகைக்குக் காசு வாங்கவில்லை.

ஆறாவதை லின்னியா முகரவே இல்லை.
என் பக்கம் நகர்த்தினாள்.
'இது உன் முறை. சொல்.'
குடித்தேன்.
கனம். உதட்டில் பிசுக்கு.
கசப்பு, அதற்கடியில் எங்கேயோ இனிப்பு,
விழுங்கிய பிறகு மார்பில் சின்னச் சூடு.
வேறொன்றும் இல்லை, இவ்வளவுதான் என்றேன்.
அவள் கண்ணை மூடிக்கொண்டு
நான் சொன்னதைக் குடித்தாள்.

திரும்பும்போது கார் அவள் கையில்.
எதிரே மஞ்சள் விளக்கு சுழல
என் இடத்தில் எவனோ ஒருவன் ஓட்டி வந்தான்.
அவன் வீசிய உப்பு கதவில் பட்டுச் சடசடத்தது.
காது கொடுத்துக் கேட்டேன்.
குறைவாகத்தான் போடுகிறான்.